இங்கிலாந்து பழைய செங்கல் வீட்டோட வயச சுவர பாத்தே கண்டுபிடிக்கிறது எப்படி

இங்கிலாந்துல ஒரு பழைய செங்கல் வீட்டு முன்னாடி போய் நிக்கிறீங்கன்னா முதல்ல முன்பக்கத்த நம்பாதீங்க. நிறைய வீட்டுல அந்த முகப்புதான் கடைசியா வந்த வேலை. உள்ள 1500கள்ல போட்ட மரச்சட்ட வீடு அப்படியே நின்னுட்டிருக்கும், 1700கள்ல கொஞ்சம் காசு பாத்த சொந்தக்காரர் தெருவுக்கு தெரியுற பக்கம் மட்டும் ஒரு செங்கல் சுவர எழுப்பி அழகா ஜன்னல் வச்சு ஃபேஷனா மாத்தியிருப்பார், பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் எவன் செலவு பண்ணுவான்னு விட்டிருப்பார். அதனால தெருவுல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு நேரா பக்கச் சுவருக்கு போங்க, அதுதான் உண்மைய சொல்லும்.

கொண்டு போக பெருசா ஒன்னும் வேணாம். ஒரு டேப், ஜூம் நல்லா வர்ற போன் இல்லன்னா சின்ன பைனாகுலர், ஒரு நோட்டு. நேரம்தான் முக்கியம், காலையிலயோ சாயங்காலமோ வெயில் சாய்வா சுவர்ல விழுறப்ப போனா மேடு பள்ளம், அடைச்ச ஜன்னல், ஒட்டு போட்ட இடம் எல்லாம் நிழலோட தெரியும், உச்சி வெயில்ல எல்லாமே தட்டையா இருக்கும். யாரோ குடியிருக்கிற வீடுன்னா நடைபாதையில நின்னே பாருங்க, கேக்காம தோட்டத்துக்குள்ள போயிடாதீங்க.

முதல் வேலை செங்கல்ல அளக்கிறது. ஒரு கல்ல அளந்து பிரயோஜனம் இல்ல, கையால அறுத்த கல்லு ஒவ்வொன்னும் ஒவ்வொரு சைஸ்ல இருக்கும். நாலு வரிசைய சாந்தோட சேத்து கீழ இருந்து மேல அளங்க. இன்னிக்கு கட்டுற சுவர்ல நாலு வரிசை 300 மில்லிமீட்டர் வரும், விக்டோரியா ராணி காலத்து (1837-1901) சுவர்ல 12 இஞ்ச் வரும், வட இங்கிலாந்துல 13 கூட வரும். 10 இஞ்ச் பக்கத்துல நின்னுச்சுன்னா நிமிர்ந்து உக்காருங்க, டியூடர் ராஜாக்கள் காலமா (1485-1603) இருக்க வாய்ப்பு இருக்கு. அந்த காலத்து கல்லு 2 இஞ்ச், 2¼ இஞ்ச் தடிமன்தான், ஒல்லியா நீளமா இருக்கும். 1571ல லண்டன் ஓடு, செங்கல் வேலைக்காரங்க சங்கத்துக்கு குடுத்த சாசனத்துல 9 க்கு 4½ க்கு 2¼ இஞ்ச்னு அளவு வச்சாங்க, 1776ல சட்டம் போட்டு 8½ க்கு 4 க்கு 2½ னு மாத்துனாங்க, ஆனா சட்டம் போட்டா மட்டும் ஊர்ல இருக்கிற சூளைக்காரன் அச்ச மாத்திடுவானா, அதனால சைஸ ஒரு துப்பா மட்டும் வச்சுக்கோங்க, தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

இதுல ஒரு சுவாரசியமான விஷயம் வரி. அமெரிக்கால தோத்த போருக்கு ஆன செலவ ஈடு கட்ட 1784ல செங்கலுக்கு வரி போட்டாங்க, 1000 கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். எண்ணிக்கைக்குதான வரி, சைஸுக்கு இல்லையேன்னு கல்ல பெருசாக்கிட்டாங்க. மிட்லாண்ட்ஸ்ங்கிற நடு இங்கிலாந்துல மீஷம் ஊர்ல ஜோசப் வில்க்ஸ்ங்கிறவர் சாதாரண கல்ல விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெரிய கல்ல அறுத்து தள்ளுனார், இன்னிக்கும் அந்த ஊர் சுவர்ல பாக்கலாம். அரசாங்கம் சும்மா இருக்குமா, 1803ல பெரிய கல்லுக்கு டபுள் வரின்னு போட்டுட்டாங்க, 1850ல மொத்தமா வரிய எடுத்தாங்க. ஆக மிட்லாண்ட்ஸ் பக்கம் வழக்கத்துக்கு மாறா குண்டு குண்டா கல்லு இருந்தா அந்த 1784க்கும் 1803க்கும் நடுவுலன்னு ஓரளவு தைரியமா சொல்லலாம்.

ரொம்ப ஒல்லியா, தட்டையா, ஓடு மாதிரி 1½ இஞ்ச் கல்லு கண்ணுல பட்டா அது ரோமானியர் கல்லா இருக்கலாம். ரோமானியர் போனப்புறம் இங்கிலாந்துல பல நூறு வருஷம் செங்கல் சுடுறதே கிட்டத்தட்ட நின்னுபோச்சு, அவங்க விட்டுட்டு போன இடிபாட்டுல இருந்து கல்ல பேத்து எடுத்து கட்டுனாங்க, செயின்ட் ஆல்பன்ஸ் பெரிய சர்ச்சோட கோபுரம் மொத்தமும் அப்படி எடுத்த கல்லுதான். புதுசா சுட்ட கல்லுல கட்டுன பழைய வீடுன்னா சஃபோக்ல இருக்கிற லிட்டில் வென்ஹாம் ஹால சொல்லணும், 1270, 80கள்ல கட்டினது, அதுக்கப்புறம் 1430, 40கள்ல ரால்ஃப் கிராம்வெல் பிரபு கட்டுன டாட்டர்ஷல் கோபுரம் மாதிரி வந்தப்பதான் செங்கல் பணக்காரங்களோட பகட்டு சாமானா மாறுச்சு.

கலர நம்பி முடிவு பண்ணாதீங்க. பிரதமர் குடியிருக்கிற லண்டன் டவுனிங் ஸ்ட்ரீட் 10ஆம் நம்பர் வீட்ட டிவில பாத்திருப்பீங்க, கருப்பு கல்லு. அது நிஜத்துல மஞ்சள் கல்லு, ரெண்டு நூற்றாண்டு நிலக்கரி புகை படிஞ்சு கருப்பாயிடுச்சு, 1960கள் ஆரம்பத்துல சீர் பண்றப்பதான் அது வெளிய வந்துச்சு, ஆனா ஜனங்களுக்கு கருப்பாவே பழகிட்டதால திரும்ப கருப்பு பெயின்ட் அடிச்சு விட்டுட்டாங்க. அதே மாதிரி சிவப்பு சுவர்ல கல்லுக்கு மேலயே காவி பூசுற வழக்கமும் உண்டு. கலர் எதுக்கு உதவும்னா, ரயிலும் கால்வாயும் வர்றதுக்கு முன்னாடி கல்ல பெரும்பாலும் பக்கத்து மண்ணுலயே அறுத்து சுட்டாங்க, அதனால ஊர் மண்ணோட கலர்தான் வீட்டுக்கும் இருக்கும், லண்டன்னா மஞ்சள், கேம்பிரிட்ஜ் பக்கம் வெளிறின கிரீம். கேம்பிரிட்ஜ் பக்கத்து கிராமத்துல நடுவுல ஒரு வீடு மட்டும் வழவழன்னு ஒரே சீரான ரத்தச் சிவப்புல நிக்குதுன்னா அந்த கல்லு ரயில்ல வந்த கல்லு, அப்ப வீடு விக்டோரியா காலமோ அதுக்கப்புறமோதான்.

அடுத்து கல்ல எப்படி அடுக்கியிருக்காங்கன்னு பாருங்க, இந்த அடுக்கு முறைக்கு பாண்ட்னு பேரு, என்ன கேட்டா மொத்த வேலையில இதுதான் ருசியான பகுதி. கல்லோட நீளப் பக்கம் வெளிய தெரிஞ்சா ஸ்ட்ரெச்சர், குட்டைப் பக்கம் தெரிஞ்சா ஹெட்டர், அவ்வளவுதான் தெரிஞ்சுக்க வேண்டியது. ஒரு வரிசை முழுக்க ஸ்ட்ரெச்சர், அடுத்த வரிசை முழுக்க ஹெட்டர்னு மாறி மாறி வந்தா அது இங்கிலீஷ் பாண்ட், டியூடர் காலத்து நல்ல வேலையெல்லாம் பெரும்பாலும் இதுதான். ஒரே வரிசையிலயே ஒரு ஹெட்டர் ஒரு ஸ்ட்ரெச்சர்னு வந்தா ஃப்ளெமிஷ் பாண்ட், 1630கள்ல மெதுவா உள்ள வந்து 1700கள்ல வீட்டு முகப்புன்னாலே இதுதான்னு ஆயிடுச்சு. இங்கதான் நான் முதல்ல சொன்ன பக்கச் சுவர் வேலை செய்யும், முகப்புல ஃப்ளெமிஷ், பக்கவாட்டுல இங்கிலீஷ்னா முகப்பு தனியா எழுப்புனதா இருக்கலாம், இல்ல ஒரே சமயத்துல கட்டி காசு மிச்சம் பண்ண பின்பக்கம் மட்டமான வேலை பண்ணியிருக்கலாம். எதுன்னு முடிவு பண்ண மூலைக்கு போங்க. ரெண்டு சுவரும் கூடுற மூலையில கல்லு ஒன்னுக்குள்ள ஒன்னு பூட்டியிருந்தா ஒரே காலம், மேல இருந்து கீழ வரைக்கும் நேரா கத்தியால கிழிச்ச மாதிரி ஒரு கோடு ஓடுச்சுன்னா பழைய சுவர்ல புது சுவர கொண்டாந்து ஒட்டியிருக்காங்க. இந்த நேர்கோட்ட சுவர் நடுவுலயும் தேடுங்க, வீட்ட எங்க நீட்டினாங்கன்னு காட்டிக்குடுக்கும்.

எல்லா வரிசையும் ஸ்ட்ரெச்சராவே இருந்தா உஷாராயிடுங்க, அது பெரும்பாலும் நடுவுல காத்து இடைவெளி விட்டு கட்டுற ரெட்டைச் சுவர், பரவலா வந்தது 1920கள்லதான், பழைய வீடுன்னு யாராவது விக்க வந்தா இந்த ஒன்ன பாத்தே கேள்வி கேக்கலாம். மூணோ அஞ்சோ வரிசை ஸ்ட்ரெச்சருக்கு ஒரு வரிசை ஹெட்டர்னு இருந்தா தோட்டச் சுவர் பாண்ட், வட இங்கிலாந்துல வீட்டுக்கே சகஜமா போட்டிருப்பாங்க. கல்ல படுக்க வைக்காம குத்துவாட்டுல நிறுத்தி உள்ள பொந்து விட்டு அடுக்கினா ராட் ட்ராப் பாண்ட், ஏழைங்க குடிசை, மாட்டுக் கொட்டகைன்னு கல்லு மிச்சம் பண்ண கட்டினது. நம்ம பக்கம் இத கேள்விப்பட்டவங்க நிறைய இருப்பீங்க, பர்மிங்ஹாம்ல பொறந்து கேரளால வந்து செட்டில் ஆன லாரி பேக்கர் இந்த பாண்ட்டத்தான் திருவனந்தபுரம் முழுக்க கட்டி பிரபலமாக்குனார்.

சுவர்ல சாய்சதுரம் சாய்சதுரமா கருநீலக் கோலம் தெரிஞ்சா அது சூளையில நெருப்புக்கு ரொம்ப பக்கத்துல இருந்து கருகி கண்ணாடி மாதிரி பளபளப்பான கல்லோட தலைப்பக்கம். வீணாப் போன கல்ல தூக்கி எறியாம அலங்காரமா வச்சிட்டாங்க, டியூடர் வீடுகள்ல இது அதிகம். வரிசை எண்ணி பாருங்க, பாதியில கோலம் அறுந்து போயிருந்தா அந்த இடத்துல சுவர பின்னாடி மாத்தியிருக்காங்க.

சாந்து. இதுல கல்லு அளவுக்கு கவனம் குடுக்க மாட்டாங்க, ஆனா வீட்டோட ஆயுசு இதுலதான் இருக்கு. பழைய வீடு எல்லாம் சுண்ணாம்பு சாந்து, வெள்ளையாவோ லேசா மஞ்சளாவோ இருக்கும், உள்ள குட்டி குட்டியா வெள்ளைக் கட்டி தெரியும். டியூடர் சுவர்ல கல்லு கோணல்மாணலா இருக்கும்ங்கிறதால அத சமாளிக்க அரை இஞ்ச் வரைக்கும் சாந்து போட்டிருப்பாங்க, 1700கள்ல கல்லு சீரானதும் இடைவெளி ஒல்லியாயிடுச்சு. ஜன்னல் மேல இருக்கிற ஆர்ச்சுல கல்லுக்கு நடுவுல பென்சில் கோடு கனத்துல வெள்ளையா சுண்ணாம்பு மட்டும் தெரிஞ்சா நின்னு ரசிங்க, மெத்துன்னு இருக்கிற சிவப்புக் கல்ல ஒவ்வொன்னா அறுத்து, கல்லு மேல தேச்சு தேச்சு ஆப்பு வடிவத்துக்கு கொண்டு வந்து வச்ச வேலை அது, அந்த கொத்தனாருக்கு கூலியும் தனி. இதுக்கு வசதி இல்லாதவங்க ஒரு தில்லாலங்கடி பண்ணுவாங்க, கல்லு கலர்லயே சாந்த பூசி இடைவெளிய மறைச்சிட்டு அது மேல ஒல்லியா ஒரு வெள்ளைக் கோட்ட ஒட்டிடுவாங்க, டக் பாயிண்டிங்னு பேரு, தூரத்துல இருந்து பாத்தா சூப்பர் வேலையா தெரியும், பக்கத்துல போய் பாத்தா கல்லோட நிஜ ஓரம் எங்கயோ இருக்கும் கோடு எங்கயோ இருக்கும்.

சாம்பல் கலர்ல இரும்பு மாதிரி கெட்டியா, கல்லுக்கு வெளிய துருத்திக்கிட்டு சாந்து இருந்தா அது சிமெண்ட். போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் பேடன்ட் வாங்கினதே 1824லதான், வீட்டுச் சுவர்ல பரவலானது 1900க்கு அப்புறம், அதனால 1650ல கட்டின சுவர்ல சிமெண்ட் இருந்தா அது ரிப்பேர். கெட்ட ரிப்பேரும் கூட. சுண்ணாம்பு சாந்து கல்ல விட மென்மையானது, சுவர்ல ஏறுற ஓதம் அது வழியா வெளிய போயிடும், போறப்ப சாந்துதான் கொஞ்சம் கொஞ்சமா உதிரும், 100 வருஷத்துக்கு ஒருக்கா புதுசா பூசிக்கலாம். சிமெண்ட் போட்டா அந்த வழி அடைபட்டு தண்ணி கல்லு வழியாத்தான் போகணும், குளிர் காலத்துல அந்த ஈரம் ஐஸாகி விரிஞ்சு கல்லோட முகத்தையே பேத்துடும், உப்பும் சேந்து பொரிஞ்சு கொட்டும். சாந்து வரப்பு மாதிரி நிக்க நடுவுல கல்லு குழிஞ்சு போன சுவர் நிறைய பாப்பீங்க, காரணம் இதுதான். அப்படி ஒரு வீட்ட நீங்களே வாங்கி வச்சிருந்தா, சிமெண்ட்ல பாயிண்டிங் பண்ணி தர்றேன்னு வர்ற ஆள அன்பா திருப்பி அனுப்பிட்டு சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவர தேடுங்க.

ஜன்னல பொறுத்தவரை கண்ணாடிக் கட்டத்த விட ஃப்ரேம் எங்க உக்காந்திருக்குன்னு பாக்கிறது லாபம். பாறைக் கல்லுல செதுக்கின கம்பம் வச்சு குட்டி குட்டியா பிரிச்சு கதவு மாதிரி திறக்கிறது பழசு, மேலயும் கீழயும் தள்ளி திறக்கிற சாஷ் ஜன்னல் வந்தது 1670கள் வாக்குல. லண்டன்ல நெருப்புக்கு பயந்து வரிசையா சட்டம் போட்டாங்க, 1666 தீ விபத்துக்கு அப்புறம் செங்கல்லுலயோ பாறைக் கல்லுலயோதான் கட்டணும்னு 1667ல, கூரை ஓரத்துல மர வேலைப்பாடு வைக்கக் கூடாதுன்னு 1707ல, ஜன்னல் ஃப்ரேம சுவர் முகத்துல இருந்து 4 இஞ்ச் உள்ள தள்ளணும்னு 1709ல, ஃப்ரேமோட பெட்டியையே கல்லுக்கு பின்னாடி மறைக்கணும்னு 1774ல. அதனால லண்டன் தெருவுல ஃப்ரேம் சுவரோட சமமா இருந்தா 1709க்கு முந்தி, ஃப்ரேம் உள்ள தள்ளி இருந்து அதோட பெட்டி முழுசா தெரிஞ்சா 1709க்கும் 1774க்கும் நடுவுல, ஒல்லிக் குச்சி மட்டும் தெரிஞ்சா 1774க்கு பிந்தி, கூரை ஓரம் தெரியாம கைப்பிடிச் சுவர் மறைச்சா அதுவும் 1707க்கு அப்புறம்னு ஒரு கணக்கு போடலாம். வெளியூர்ல இந்த சட்டம் செல்லாது, ஆனா ஃபேஷன் மெதுவா போய் சேந்துச்சு, ஒரு 20, 30 வருஷம் கூட்டிக்கோங்க. சாஷோட மேல் சட்டத்துல ரெண்டு மூலையிலயும் கீழ நோக்கி கொம்பு மாதிரி துண்டு நீட்டிக்கிட்டு இருந்தா 1840களோ அதுக்கப்புறமோதான், கண்ணாடி பெருசாகி கனம் கூடினதால மூலைக்கு பலம் வேண்டி வச்சது.

அடைச்ச ஜன்னல் ஒன்னு தெரிஞ்சதும் கூட வந்தவர் யாராவது உடனே ஜன்னல் வரின்னு சொல்லுவார். 1696ல இருந்து 1851 வரைக்கும் ஜன்னல் வரி இருந்தது நிஜம்தான், ஆனா எல்லா அடைச்ச ஜன்னலுக்கும் அதுவே காரணம்னு சொல்ல முடியாது. ஹாம்ப்ஷயர் சாட்டன்ல நாவல் எழுதின ஜேன் ஆஸ்டின் குடியிருந்த செங்கல் வீட்டுல தெருப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல் அடைச்சிருக்கும், அது வண்டி போற ரோட்ட பாத்து இருந்ததால அத மூடிட்டு தோட்டப் பக்கம் புதுசா ஒன்னு திறந்தாங்க, வரிக்கு இல்ல. இன்னும் சில வீட்டுல கட்டுறப்பவே பொய் ஜன்னல் வச்சிருப்பாங்க, உள்ள சிம்னி போகும், வெளிய வலப்பக்கம் இருக்கிற மாதிரி இடப்பக்கமும் இருந்தாகணும்னு ஒரு பிடிவாதம். வித்தியாசம் கண்டுபிடிக்கணும்னா குழியில இருக்கிற கல்ல பாருங்க, சுத்தி இருக்கிற அதே கல்லு அதே சாந்து ஓரத்துல பூட்டி இருந்தா பொறந்ததுல இருந்தே பொய், வேற கல்லா இருந்து ஓரத்துல நேர்கோடு ஓடினா பிற்பாடு அடைச்சது.

இப்ப ஒரு முக்கியமான ஏமாத்து வேலை. தென்கிழக்கு இங்கிலாந்துல, லூயிஸ், பிரைட்டன் பக்கம், செங்கல் சுவர்னு நினைச்சு ரசிச்சுட்டு இருப்பீங்க, அது செங்கலே இருக்காது. மாத்தமேட்டிகல் டைல்னு ஒன்னு, கல்லு முகம் மாதிரியே செஞ்ச ஓடு, மரச்சட்ட சுவர் மேல பலகை அடிச்சு ஆணி வச்சு ஒன்னு மேல ஒன்னு தொங்கவிட்டு சந்துல சாந்து பூசிட்டா அசல் செங்கல்தான். பிரைட்டன் ராயல் கிரசன்ட்ல வரிசையா கருப்பு பளபளன்னு நிக்கிற வீடுங்க இந்த ஓடுதான். மூலையில பாருங்க, கல்லு திரும்புற இடத்துல அசிங்கமா ஒரு மரப்பட்டை வச்சிருப்பாங்க, ஜன்னல் ஓரத்துல சுவருக்கு கனமே இருக்காது. செங்கல் வரிய ஏமாத்தத்தான் இது வந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு, அதே 1784 சட்டத்துல ஓட்டுக்கும் வரி இருந்துச்சுங்கிறத மறந்துடுவாங்க.

உள்ள ஒளிஞ்சிருக்கிற மரச்சட்ட வீட்ட கண்டுபிடிக்க கூரைய பாருங்க. முகப்பு கச்சிதமா இருக்கும், பின்னாடி கூரை மட்டும் செங்குத்தா அலை அலையா நெளிஞ்சு, நடுவுல குண்டா ஒரு சிம்னி முளைச்சிருக்கும், மாடிக்கும் தரைக்கும் நடுவுல உயரம் ரொம்ப கம்மியா இருக்கும். சிம்னிய வச்சு மட்டும் வயசு சொல்லாதீங்க, வீட்டுலயே அதிகமா வெயில், மழை, புகை மூணுத்தயும் தின்னுற இடம் அது, திரும்ப திரும்ப கட்டியிருப்பாங்க. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில டியூடர் சிம்னின்னு எல்லாரும் போட்டோ எடுக்கிற முறுக்கு முறுக்கான சிம்னிங்க பெரும்பாலானது 1800கள்ல திரும்ப கட்டினது.

இதெல்லாம் பழக சிறந்த இடமும் அந்த ஹாம்ப்டன் கோர்ட்தான். பெரிய வாசல் கோபுரத்துல ஆரம்பிங்க, முன்னாடி இன்னும் உயரமா இருந்தத 1770கள்ல மேல் மாடிங்கள எடுத்துட்டு குட்டையாக்கினாங்க. அத தாண்டி முதல் முற்றத்துல எட்டாம் ஹென்றி ராஜாவோட மந்திரி கார்டினல் வுல்சி 1515 வாக்குல ஆரம்பிச்ச சுவர், ஒல்லிக் கல்லு, தடிச்ச சாந்து, இங்கிலீஷ் பாண்ட், அங்கங்க கருகின கல்லுக் கோலம். அப்படியே நடந்து கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1689ல ஆரம்பிச்ச ஃபவுன்டன் கோர்ட்டுக்கு வாங்க, அதே சிவப்புதான், ஆனா சாந்து ஒல்லி, ஓரமெல்லாம் வெள்ளை போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல்லு, ஜன்னல் பட்டாளம் மாதிரி வரிசையா. ஒரே மத்தியானத்துல ரெண்டு நூற்றாண்டுக்கு உள்ள வித்தியாசம் கண்ணுக்கு பழகிடும்.

கூட்டம் வேணாம்னா கியூ அரண்மனைக்கு போங்க, லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குள்ளயே இருக்கு, அரண்மனைன்னு பேருதானே தவிர ஒரு வியாபாரியோட வீடு. வாசலுக்கு மேல 1631னு இருக்கும், அத கட்டின சாமுவேல் ஃபோர்ட்ரியோட எழுத்தும் அவர் மனைவியோட எழுத்தும் சேத்து. இங்கிலாந்துல ஃப்ளெமிஷ் பாண்ட்ல கட்டின முதல் வீடுகள்ல இது ஒன்னு, மேல மூணு வளைவு வளைவான முகப்பும் டச்சு ஸ்டைல்தான். கலர் பாத்து அசந்துடாதீங்க, 1990கள்ல சீர் பண்றப்ப பழைய தடயம் பாத்து காவி கலந்த சுண்ணாம்பு அடிச்சது. இப்ப ஜன்னல பாருங்க, எல்லாம் சாஷ், 1631ல ஏது சாஷ், ஆக 1700கள்ல மாத்தியிருக்காங்கன்னு நீங்களே சொல்லிடுவீங்க. அதுக்கு அடியில நிலவறை மட்டும் இன்னும் பழசு, அங்க முன்னாடி இருந்த டியூடர் வீட்டோட மிச்சம். வாசல்ல போட்ட தேதி அந்த வாசலுக்கு மட்டும்தான் சாட்சின்னு இதுல இருந்து புரிஞ்சுக்கலாம், சில வீட்டுல தேதிக்கல்லு கல்யாணத்துக்கு வச்சது, இல்ல வேற இடிஞ்ச வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து பதிச்சது.

நீங்க போட்ட கணக்க சரி பாக்க ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்கிற அரசு அமைப்பு வச்சிருக்கிற, பாதுகாக்க வேண்டிய கட்டிடங்களோட தேசியப் பட்டியல்ல வீட்டோட பேரையோ ஊரையோ போட்டு தேடுங்க, காசு கிடையாது, மேப்லயும் தேடலாம். கிரேடு ஒன்னு, ரெண்டு ஸ்டார், ரெண்டுன்னு மூணு தட்டு, 1700க்கு முன்னாடி கட்டி ஓரளவு பழைய நிலைமையில இருக்கிற வீடு கிட்டத்தட்ட எல்லாமே அதுல இருக்கும். அந்த பட்டியல்ல இருக்கிற வீட்டுல அனுமதி வாங்காம மாத்தி கட்டினா கிரிமினல் குத்தம், அதனால பழைய வீடு வாங்கப் போறவங்க இத முதல்ல தேடுங்க. ஆனா ஒன்னு, நிறைய பதிவு உள்ள போகாம தெருவுல நின்னே எழுதினது, ரெண்டு மூணு வரிதான் இருக்கும், பின்பக்கத்த பத்தி ஒரு வார்த்தை இருக்காது. நீங்க பின்சுவர்ல அந்த நேர்கோட்டயோ பழைய ஒல்லிக் கல்லயோ பாத்திருந்தா டேப்ப வச்சு அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பொதுமக்களும் போட்டோவும் குறிப்பும் சேர்க்கிறதுக்கு அந்த பட்டியல்லயே வசதி வச்சிருக்காங்க.